செகண்டரி ஸ்கூல் சம்மர் டெர்ம் நியூஸ்லெட்டர் ரிவ்யூ: கடைசி பக்கத்துல இருந்து படிங்க

ஏர் ஃப்ரையருக்கு ரிவ்யூ எழுதுறோம், பிரியாணி கடைக்கு எழுதுறோம், ஆனா புள்ளைங்க அஞ்சு வருஷம் ஏழு வருஷம்னு போய்ட்டு வர்ற ஸ்கூல் நம்மகிட்ட எப்படி பேசுதுன்னு யாரும் எழுதி நான் பார்த்ததில்ல. அதனால இது எங்க பசங்க ரெண்டு பேரும் போற ஸ்கூலோட சம்மர் டெர்ம் நியூஸ்லெட்டர், அதுக்குள்ளயே வர்ற 'குடும்பங்கள்கிட்ட எங்க எதிர்பார்ப்பு' பகுதி, அப்புறம் ஸ்கூல் நம்மள ஃபோன்ல போட்டுக்கச் சொல்ற ஆப், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு ரிவ்யூ. வடமேற்கு லண்டன்ல ஒரு ஸ்டேட் (அரசு) செகண்டரி ஸ்கூல், பேரு போடல, குறை சொல்லப் போறேன்ல, அதனாலதான். பையன் இயர் 10, பொண்ணு இயர் 7 (செகண்டரியோட முதல் வருஷம்). செப்டம்பர்ல புள்ளைய இயர் 7 சேர்க்கப் போறவங்களுக்கும், இப்பதான் ஊர்ல இருந்து விசா வாங்கி வந்து இறங்கின குடும்பங்களுக்கும்தான் இத முக்கியமா எழுதுறேன், பழைய ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்ச கதை.

முதல்ல ஒரு விஷயம். ஊர்ல ஏப்ரல்ல முழுப் பரீட்சை முடிஞ்சதுன்னா ஜூன் வரைக்கும் ஸ்கூல் பக்கம் தலை வச்சு படுக்க மாட்டோம், இங்க அப்படியே உல்டா. ஈஸ்டர் லீவு முடிஞ்சு ஏப்ரல் நடுவுல ஆரம்பிக்குற டெர்ம் ஜூலை மூணாவது நாலாவது வாரம் வரைக்கும் ஓடும், நடுவுல மே கடைசியில ஒரு வாரம் ஹாஃப் டெர்ம் லீவு, மே மாசத்துல ரெண்டு பேங்க் ஹாலிடே திங்கக்கிழமை, அவ்வளவுதான். ஜிசிஎஸ்இ (இயர் 11 பொதுப் பரீட்சை), ஏ லெவல் (இயர் 13 பொதுப் பரீட்சை) எல்லாம் மே ஜூன்லதான், இயர் 10 மாக் (மாதிரி) பரீட்சை, சின்ன கிளாசுக்கு வருஷக் கடைசி டெஸ்ட், ஸ்போர்ட்ஸ் டே, ட்ரிப், பிராம் (பரீட்சை முடிச்ச பெரிய பசங்களோட ஃபேர்வெல் பார்ட்டி), ரிப்போர்ட், அடுத்த வருஷ யூனிஃபார்ம் ஆர்டர்னு எல்லாம் இந்த மூணு மாசத்துலதான் வந்து குவியும். அதனாலதான் வருஷத்துல மூணு நியூஸ்லெட்டர் வந்தாலும் இது ஒண்ண மட்டும் ஒழுங்கா உக்காந்து படிக்கணும்னு சொல்றேன்.

சரி நியூஸ்லெட்டருக்கு வருவோம். பிடிஎஃப், பார்க்க நல்லா இருக்கு, அதுல குறை சொல்ல முடியாது. முதல் பக்கம் ஹெட் டீச்சர் லெட்டர், வெயில் பத்தி ரெண்டு வரி, பிள்ளைங்கள நினைச்சு பெருமையா இருக்குன்னு ரெண்டு வரி. அப்புறம் ஸ்பிரிங் டெர்ம்ல போட்ட மியூசிக்கல் படங்க, நெட்பால் டீம், டியூக் ஆஃப் எடின்பரோங்கற இளைஞர் திட்டத்தோட வெண்கல அவார்டுக்கு மழையில கூடாரம் தூக்கிட்டு நடக்குற பசங்க, சயின்ஸ் வீக், லைப்ரரியில அதிகமா புக் எடுத்தவங்க லிஸ்ட். நம்ம புள்ள படம் வந்திருக்கான்னு தேடிப் பார்க்கத்தான் பாதிப் பேர் திறக்குறோம், அது ஸ்கூலுக்கும் தெரியும். பிரச்சனை என்னன்னா, காசு போற விஷயம், தேதி தப்பினா திரும்ப கிடைக்காத விஷயம், கையெழுத்து போட்டு அனுப்ப வேண்டிய விஷயம் எல்லாம் பின்னாடி குட்டி எழுத்துல இருக்கு. கல்யாணப் பத்திரிகையில தெய்வப் படத்தையும் உற்றார் உறவினர் பேரையும் பெருசா போட்டுட்டு மண்டபம் எங்கன்னு மூலையில அச்சடிச்ச மாதிரி. படிச்சு முடிக்கிறதுக்குள்ள நாம ஃபோன மூடிட்டு சாம்பாருக்கு தாளிக்கப் போயிருப்போம்.

அதனால என் சிஸ்டம், கடைசி பக்கத்துல இருந்து முன்னாடி வர்றது. கடைசியில இருக்கறது தேதிங்க. அதுல இன்செட் டேன்னு ஒண்ணு இருக்கும், டீச்சருங்களுக்கு மட்டும் ஸ்கூல், பசங்களுக்கு லீவு. இங்க பசங்களுக்கு வருஷத்துக்கு 190 நாள், டீச்சருங்களுக்கு 195 நாள், அந்த அஞ்சு நாள்தான் இது, ஒவ்வொரு ஸ்கூலும் அவங்கவங்க இஷ்டத்துக்கு வச்சுக்குவாங்க, பக்கத்து ஸ்கூல் தேதிய வச்சு நம்ம ஆபீஸ்ல லீவு சொல்லக்கூடாது. டெர்மோட கடைசி நாள் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அதுவும் அந்தப் பக்கத்துலதான் ஒரு ஓரமா இருக்கும்.

அதுக்கு முந்தின பக்கம்தான் அந்த எதிர்பார்ப்பு பகுதி. அதுல முதல் தலைப்பு அட்டெண்டன்ஸ். இத கொஞ்சம் விலாவரியா சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம ஆளுங்க அதிகமா மாட்டிக்கிறது இங்கதான். நமக்கு 90%னா பெரிய மார்க், காலேஜ்ல 75% இருந்தா ஹால் டிக்கெட் வாங்கிட்டு வந்த பரம்பரை. இங்க 10% வராம இருந்தாலே 'பர்சிஸ்டென்ட் ஆப்சென்ஸ்'னு தனி லிஸ்ட்ல போட்டுடுவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, 190 நாள்ல 10%னா 19 நாள், கிட்டத்தட்ட நாலு ஸ்கூல் வாரம், அப்படிப் பார்த்தா அவங்க பதறுறதுலயும் அர்த்தம் இருக்கு. எங்க ஸ்கூல் லெட்டர்ல இந்த நாள் கணக்கு இல்ல, வெறும் பர்சென்டேஜ் போட்டு சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு கலர் அடிச்சிருக்காங்க, என் பொண்ணுக்கு 93 வந்து ஆரஞ்சு, இத ஊருக்கு ஃபோன் போட்டு சொன்னா மாமியார் 'நல்ல மார்க்தானே கண்ணு'ன்னு அவளுக்கு வாழ்த்து சொல்றாங்க.

அப்புறம் ஃபைன். இது லெட்டர்ல ஒரே ஒரு வரி, 'கவுன்சில் அபராதம் விதிக்கலாம்'னு, எவ்வளவுன்னு கூட இல்ல, கவுன்சில் வெப்சைட் லிங்க் குடுத்திருக்காங்க, அத திறந்தா வேற எங்கயோ போகுது. நான் சொல்றேன் கேளுங்க. 2024 ஆகஸ்ட்ல இருந்து இங்கிலாந்து முழுக்க ஒரே ரூல். பெர்மிஷன் இல்லாம பத்து ஸ்கூல் வாரத்துக்குள்ள பத்து செஷன் வராம இருந்தா ஃபைன் போடணுமான்னு ஸ்கூல் பார்த்தே ஆகணும், காலையில ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு ஒரு நாளைக்கு ரெண்டு செஷன், ஆக அஞ்சு நாள். 21 நாளைக்குள்ள கட்டினா 80 பவுண்டு, விட்டுட்டா 28 நாளைக்குள்ள 160. இதுல பாதிப் பேருக்கு தெரியாதது, இது ஒரு குடும்பத்துக்கு இல்ல, ஒரு புள்ளைக்கு, ஒரு பேரன்ட்டுக்கு. அப்பா அம்மா ரெண்டு பேர், புள்ளைங்க ரெண்டு பேர்னா 320, லேட்டாக்கினா 640. மூணு வருஷத்துக்குள்ள அதே புள்ளைக்கு ரெண்டாவது தடவைன்னா நேரா 160தான், சலுகை கிடையாது, மூணாவது தடவை ஃபைனே கிடையாது, கோர்ட்டுக்கே அனுப்பலாம், அங்க 2,500 பவுண்டு வரைக்கும் போகலாம்.

ஜூலை கடைசி வாரத்த வெட்டிட்டு சென்னைக்கு ஃப்ளைட் ஏறினா டிக்கெட் மிச்சத்துல ஃபைன கட்டிடலாம்னு கணக்கு போடுற குடும்பங்க நிறைய இருக்கு, எனக்கே தெரிஞ்சவங்க இருக்காங்க, ஸ்கூல் லீவு விட்ட அன்னைக்கே டிக்கெட் விலை ஏறுறதும் உண்மைதான். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கு வேற கவலை, நல்லூர் கந்தசாமி கோயில் கொடியேற்றம் ஆடி அமாவாசை கழிஞ்சு ஆறாம் நாள், சில வருஷம் ஆகஸ்ட்ல வரும், சில வருஷம் ஜூலை முடியுறதுக்குள்ளயே வந்துடும். 'கொடியேத்தத்துக்கு முதல் போய்ச் சேரவேணும் பிள்ளை, ஆனா பள்ளிக்கூடக்காரர் விடமாட்டினம்'னு ஒவ்வொரு ஜூலையும் புலம்புவாங்க. ஸ்கூல் சொல்றது, லீவு குடுக்குறது ஹெட் டீச்சர் கையில, ரொம்ப அசாதாரணமான காரணம் இருந்தாதான், ஹாலிடே அதுல சேராது. மத ரீதியா பண்டிகைன்னு ஒதுக்கின நாளுக்கு லீவு குடுக்க சட்டத்துலயே இடம் இருக்கு, ஆனா அது அந்த நாளுக்கு மட்டும்தான், ஊருக்குப் போய் இருபத்தஞ்சு நாள் திருவிழாவும் பார்த்துட்டு வர்றதுக்கு இல்ல. இதுல ஸ்கூல் மேல எனக்கு கோபம் இல்ல. கோபம் எதுலன்னா, இவ்வளவு பெரிய விஷயத்த ஒரு வரியில முடிச்சுட்டு கேக் சேல்ஸுக்கு அரைப் பக்கம் குடுத்ததுலதான்.

அடுத்தது யூனிஃபார்ம். சம்மர் டெர்ம்னா பிளேசர் கழட்டலாம்னு பசங்களே முடிவு பண்ணிடுவாங்க, அப்படி இல்லையாம், ஸ்கூல் 'ஹாட் வெதர் யூனிஃபார்ம்'னு ஆப்ல அறிவிச்சாதான் கழட்டலாம். இத படிச்சப்ப சிரிப்புதான் வந்துச்சு, மதுரையில மே மாச வெயில்ல வளர்ந்தவ நான், ஆனா சிரிக்கக் கூடாது, ஃபேனும் ஏசியும் இல்லாம குளிருக்குன்னு கட்டின கட்டடம், 2022 ஜூலை 19 லிங்கன்ஷயர்ல கோனிங்ஸ்பிங்கிற இடத்துல 40.3 டிகிரி அடிச்சுது, அப்ப நிறைய ஸ்கூல்ல டெர்ம் இன்னும் முடியல. கிளாஸ்ரூம் இவ்வளவு டிகிரிக்கு மேல போனா ஸ்கூல மூடணும்னு இந்த ஊர்ல சட்டமே கிடையாது. அதனால தண்ணி பாட்டில், சன்ஸ்க்ரீன் காலையிலயே போட்டு அனுப்புங்கன்னு லெட்டர்ல இருக்கறத சீரியஸா எடுத்துக்கோங்க.

நகை விஷயத்துல லெட்டர் கறார். ஒரு காதுக்கு ஒரு சின்ன தோடு, வேற எதுவும் கூடாது, ஒட்டு நகம், ஒட்டு இமை கூடாது, ட்ரெய்னர்ஸ் (ஸ்போர்ட்ஸ் ஷூ) கூடாது. மூக்குத்தி, கையில கட்டின கோயில் கயிறு, கல்யாண வீட்டு மருதாணி பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஹாஃப் டெர்ம்ல ஊருக்குப் போய் மூக்கு குத்திட்டு வந்த புள்ளைய என்ன பண்ணுவீங்கன்னு யாராவது கேட்டாதான் பதில் வரும் போல. இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ஒரு தமிழ் இந்துப் பொண்ணு லீவு முடிஞ்சு மூக்குத்தியோட ஸ்கூலுக்கு வந்தது பிரச்சனையாகி, நாட்டோட அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போய் 2007ல அந்தப் பொண்ணு பக்கம் தீர்ப்பு வந்துச்சு, மதத்துல கட்டாயம் இல்லன்னாலும் அவங்க கலாச்சாரத்துல ஒரு பகுதிதானேன்னு. அது இங்க செல்லாது, ஆனா இங்கயும் 2008ல வேல்ஸ்ல ஒரு சீக்கியப் பொண்ணு கையில போடுற கடாங்கற மத வளையலுக்காக ஹைகோர்ட் போய் ஜெயிச்சா, இப்ப மதம், இனம் பார்த்து பாகுபாடு காட்டக் கூடாதுங்கற 2010 ஈக்குவாலிட்டி ஆக்ட் வேற இருக்கு. ஆக, கயிற வெட்டி வீசிட்டு அனுப்பணும்னு இல்ல, முன்கூட்டியே ஹெட் ஆஃப் இயருக்கு (அந்த இயர் பசங்களுக்குப் பொறுப்பான டீச்சர்) ஒரு மெயில் போட்டா பெரும்பாலும் முடிஞ்சுடும், எங்க பொண்ணு கயிறு விஷயம் அப்படித்தான் முடிஞ்சுது, பிஈ (விளையாட்டு) கிளாஸ்ல மட்டும் டேப் ஒட்டிக்கணும்னாங்க.

யூனிஃபார்ம் வாங்குறது பத்தி ஒரு டிப், லெட்டர்ல இல்லாதது. சின்னப் புள்ளைங்க சைஸ் துணிக்கு வாட் வரி கிடையாது, 14 வயசு சைஸ தாண்டிட்டா 20% சேரும், என் பையன் மாதிரி சீக்கிரமே பனைமரமா வளர்ந்துட்டா அவ்வளவுதான். 2021ல வந்த சட்டம், அதுக்கான அரசு வழிகாட்டி ரெண்டும் சேர்ந்து லோகோ போட்ட ஐட்டத்த குறைங்க, செகண்ட் ஹேண்ட் கிடைக்க வழி பண்ணுங்கன்னு ஸ்கூல்கிட்ட சொல்லுது. எங்க ஸ்கூல் பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு ஒரு மேசை போட்டு பழைய பிளேசர் விக்கிறாங்க, அருமையா இருக்கு, துவைச்சு அயர்ன் பண்ணி வச்சிருக்காங்க. அந்த விஷயம் நியூஸ்லெட்டர்ல ஒரு ஃபோட்டோவுக்கு கீழ அரை வரி. ஆகஸ்ட் கடைசியில யூனிஃபார்ம் கடையில நிக்கிற கியூவ பார்த்தவங்களுக்குத்தான் ஜூன்லயே வாங்குறதோட அருமை தெரியும்.

ஃபோன் ரூல் தெளிவா இருக்கு, இதுக்கு ஃபுல் மார்க். கேட்டுக்குள்ள வந்தா ஆஃப், பையில, பார்த்தா புடுங்கிடுவாங்க, பேரன்ட் வந்து வாங்கணும். 2024 பிப்ரவரியில கவர்மென்ட்டே ஸ்கூல் நேரம் முழுக்க ஃபோன் வேண்டாம்னு வழிகாட்டி விட்டுச்சு, எங்க ஸ்கூல் அத ஒழுங்கா பிடிச்சுக்கிட்டாங்க. பஸ்ல சத்தம் போடாம வரணும்னு ஒரு பாரா இருக்கு, ஜிப் கார்டுல (பசங்களுக்கான லண்டன் பயண அட்டை) பஸ் ஃப்ரீ, சேட்டை பண்ணினா அந்த ஃப்ரீய நிறுத்திடுவாங்க, பசங்களுக்கு இத விட பெரிய மிரட்டல் கிடையாது.

பரீட்சை பகுதிதான் இந்த நியூஸ்லெட்டர்ல உருப்படியா எழுதினது. எங்க வீட்டுக்கு அடுத்த வருஷம்தான் ஜிசிஎஸ்இ, ஆனா படிச்சு வச்சுக்கிட்டேன். ஹாலுக்குள்ள ஃபோன் பாக்கெட்ல ஆஃப்ல கிடந்தாலும் குத்தம், மார்க்க இழக்குறதுல இருந்து பரீட்சையே செல்லாமப் போற வரைக்கும் நடக்கலாம். வாட்ச் எந்த வகையா இருந்தாலும் வெளியதான். கறுப்பு பேனா, உள்ள இருக்கறது தெரியுற பென்சில் பவுச், லேபிள் கிழிச்ச தண்ணி பாட்டில், கால்குலேட்டர் மூடிய வெளியவே வச்சுட்டு வரணும். ஜூன் கடைசியில கன்டிஞ்ஜென்சி டேன்னு ஒரு நாள், நாடு முழுக்க ஏதாவது பெரிய குழப்பம் வந்து பேப்பர் தள்ளிப் போனா அன்னைக்கு வைப்பாங்க, அது தாண்டுற வரைக்கும் ஊருக்கு டிக்கெட் போடாதீங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க. இந்த மாதிரிதான் எல்லாத்தையும் எழுதணும்! ரிசல்ட் ஆகஸ்ட்ல, ஏ லெவல் ஒரு வியாழன், ஜிசிஎஸ்இ அதுக்கு அடுத்த வியாழன், ஜிசிஎஸ்இ கிரேடு 9ல இருந்து 1 வரைக்கும், 9தான் பெருசு, ஊர்ல ரேங்க் கார்டு பார்த்துப் பழகின தாத்தா பாட்டிக்கு முதல்லயே சொல்லி வச்சுடுங்க.

பிராம் பத்தி நியூஸ்லெட்டர்ல பளபளன்னு ஒரு பக்கம். டிக்கெட் கிடைக்கணும்னா அட்டெண்டன்ஸ் நல்லா இருக்கணும், புக்கெல்லாம் திருப்பிக் குடுத்திருக்கணும், கேன்டீன் பாக்கி இருக்கக் கூடாதுன்னு கண்டிஷன். பாக்கி இருந்தா பிராம் கிடையாதுங்கறது எனக்குப் பிடிக்கல, அது அப்பா அம்மா பர்ஸ் விஷயம், புள்ள என்ன பண்ணும். டிரெஸ், லிமோன்னு அந்தச் செலவே தனிக் கதை, விட்டுடுறேன்.

ஹோம்வொர்க் பக்கம் ஒண்ணு சொல்லணும். மேத்ஸுக்கு ஸ்பார்க்ஸ் மேத்ஸ்ங்கற ஆன்லைன் ஹோம்வொர்க் குடுக்குறாங்க, வாரா வாரம் 100% முடிக்கணும், இல்லன்னா டிடென்ஷன் (தண்டனையா உக்கார வச்சுடுவாங்க). அதுல ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீடு வரும், நோட்ல அந்தக் குறியீட்ட போட்டு ஸ்டெப் எழுதி வைக்கணும், திடீர்னு நடுவுல அந்தக் குறியீட்டுக் கணக்கோட விடை என்னன்னு கேக்கும், பக்கத்துல அண்ணன் சொல்லிக் குடுத்து டைப் பண்ணினா அங்க மாட்டிக்கும். எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. பொண்ணுக்கு பிடிக்கல, சொல்லவே வேண்டாம்.

பேரன்ட்ஸ் ஈவினிங் ஆன்லைன்லதான், ஒரு டீச்சருக்கு அஞ்சு நிமிஷம், நேரம் முடிஞ்சா கால் தானா கட் ஆகிடும். நாம 'வணக்கம், எப்படி இருக்கீங்க'ன்னு ஆரம்பிச்சு குடும்ப நலம் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு நிமிஷம் போச்சு, என் வீட்டுக்காரர் போன தடவை கேள்வி கேட்டு முடிச்சாரு, டீச்சர் வாயத் திறந்தாங்க, ஸ்க்ரீன் கருப்பாயிடுச்சு. அதனால ரெண்டே கேள்வி எழுதி வச்சுக்கிட்டு உக்காருங்க, புள்ள எதுல பின்தங்கியிருக்கு, இந்த லீவுல என்ன செய்யணும். புக்கிங் திறக்குற தேதி நியூஸ்லெட்டர்ல இருக்கு, நேரம் இல்ல, சாயங்காலம் அஞ்சு மணிக்கு திறந்து அஞ்சே காலுக்குள்ள மேத்ஸ் டீச்சர் ஸ்லாட் காலி.

ஆப் பத்தி என்ன சொல்ல. காசு கட்ட ஒண்ணு, ஹோம்வொர்க் பார்க்க ஒண்ணு, மெசேஜுக்கு ஒண்ணு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ட்ரிப் பெர்மிஷன் ஒரு ஆப்ல, அதே ட்ரிப்புக்கு பணம் இன்னொரு ஆப்ல. இயர் 8ல எச்பிவிங்கற வைரஸுக்கு தடுப்பூசி, இயர் 9ல மூணு நோய்க்குச் சேர்த்துப் போடுறதும் மெனிஞ்சைட்டிஸுக்கும், இதுக்கான சம்மத ஃபார்ம் மட்டும் என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) டீம் தனியா மெயில் அனுப்பும், அது ஸ்பேம்ல போய் விழும். ராத்திரி ஒன்பதரைக்கு 'நாளைக்கு யூனிஃபார்ம் இல்லாம வர்ற நாள், ஒரு பவுண்டு'ன்னு நோட்டிஃபிகேஷன் வந்தா எந்த வீட்டுல சில்லறை இருக்கு சொல்லுங்க.

மொத்தத்துல, எதிர்பார்ப்புன்னு ஸ்கூல் கேக்குறது எல்லாம் பெரும்பாலும் நியாயமானதுதான், அதுக்கு நாலு ஸ்டார். அத நமக்குச் சொல்ற விதத்துக்கு ரெண்டரை, அந்த ரெண்டரையில பாதி பரீட்சை பக்கத்துக்காக. ஆப்புக்கு ஒண்ணு, அதுவும் மத்தியான சாப்பாட்டுக் காசு டாப் அப் ஒழுங்கா வேலை செய்யுறதால. பிடிஏ பழைய பிளேசர் மேசைக்கு அஞ்சு, யோசிக்கவே வேண்டாம்.

இயர் 6 (பிரைமரியோட கடைசி வருஷம்) பேரன்ட்ஸுக்கு மட்டும் கடைசியா. மார்ச்ல ஸ்கூல் கிடைச்சாச்சுன்னு ஸ்வீட் குடுத்துட்டு விட்டுடாதீங்க, ஜூன் ஜூலையில இண்டக்‌ஷன் ஈவினிங்னு புதுசா சேர்றவங்களுக்கு ஒரு அறிமுகக் கூட்டம் இருக்கும், புள்ளைக்கு தனியா ஒரு நாள் இருக்கும், ரெண்டுக்கும் போங்க. லெட்டர்ல இல்லாதத எல்லாம் அங்க ஹெட் ஆஃப் இயர நேர்ல பிடிச்சுக் கேக்கலாம், கயிறு, மூக்குத்தி, கேன்டீன்ல சைவம் எது, பீஃப் இல்லாத நாள் எது எல்லாத்தையும். எங்க ஸ்கூல்ல அன்னைக்கே லாக்கருக்கு பேர் எழுதுறாங்க, கீழ் வரிசை வாங்கிடாதீங்க, இயர் 7 புள்ளைங்க அதுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கும்போது மேல இருந்து பெரிய பசங்க பை விழும்.